அன்று காலை திரையில் இல்லாத வரி

விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்கு நான் பொறுப்பாளனாக இருந்தேன். திண்டிவனத்தில் அதற்கு ஒரு கிளை உண்டு. நோயாளிகளின் பதிவுகளை நான்காகப் பிரித்து நான்கு சர்வர்களில் வைத்திருந்தோம். ஒருவருடைய பெயரும் வயதும் ஒன்றில் இருக்கும். அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து பற்றிய குறிப்பு இன்னொன்றில் இருக்கலாம். டேட்டாபேஸ் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது, நான்கும் மாறி முடியும்வரை யாருக்கும் திறந்துவிடக் கூடாது. அந்த விதியை எழுதியவனே நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினோம். மூன்று சர்வர்கள் மாறின. நான்காவதில் டிஸ்க்கில் இடம் போதாமல் பாதியில் நின்றுவிட்டது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லாம் தயாராக இருக்கும் என்று நிர்வாகியிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை தாளில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்றை வைத்தே திறந்துவிட்டேன். சர்வரிலிருந்து பதில் வராத இடத்தை எங்கள் மென்பொருள் பிழை என்று காட்டாது, காலியாகக் காட்டும். அது எனக்குத் தெரியும்.

ஒன்பது மணிக்கு மேல் திண்டிவனத்திலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தார்.

“சார், இந்தம்மா ஏதோ ஊசி ஒத்துக்காதுன்றாங்க. பேரு தெரியலயாம். கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே காட்டல. நம்பலாமா?”

“ஒண்ணும் இல்லன்னா இல்லதான் சிஸ்டர்” என்றேன். நான்காவது சர்வரில் பழைய கோப்புகளை அழித்துக்கொண்டே சொன்னேன்.

நர்ஸ் பரிசோதனைக்காகத் தோலுக்கடியில் ஏற்றிய துளி மருந்துக்கே அந்த அம்மா மூச்சுத் திணறி விழுந்தார். மூன்று நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தார்.

செய்தி எனக்கு வந்தபோது நான்காவது சர்வரும் மாறி முடிந்திருந்தது. விசாரணையில் அந்த அம்மாவின் பக்கத்தைத் திறந்தார்கள். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர் சிவப்பு எழுத்தில் பளிச்சென்று இருந்தது. நான் சரிசெய்ததே, காலையில் திரை காலியாக இருந்தது என்பதற்கு அந்த நர்ஸுக்கு இருந்த ஒரே சாட்சியை அழித்துவிட்டது.

பதிவு இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்கள். இருக்கிறது என்றேன். நர்ஸ் என்னைப் பார்த்து, “அப்போ இல்ல சார். உங்களுக்குத்தான போன் பண்ணேன்” என்றார். அன்று காலை எத்தனையோ போன் வந்தது, நினைவில்லை என்றேன். கவனக்குறைவு என்று எழுதி அவரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். சர்வர் எப்போது மாறி முடிந்தது என்ற பதிவு என் கையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை.

ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, போன மாதம்தான் ஓமந்தூர்ப் பக்கம் அந்த நர்ஸின் வீட்டைத் தேடிப் போனேன். மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையில் இருந்ததை முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“அப்போ நெஜமாவே கம்ப்யூட்டர்ல இல்லியா சார்? நாந்தான் சரியா பாக்கலயோன்னு இத்தினி வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன். அப்பறம் ஊசியே கையில தொடல.”

என்னைச் சபித்துக்கொண்டு வாழ்ந்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் தன் கண்ணையே நம்பாமல் வாழ்ந்திருக்கிறார்.

உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு முறை படித்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினார்.

“நான் போன் பண்ண நேரத்தையும் போடுங்க சார். ஒம்போது பத்து.”