ஆளை இறக்கச் சொன்ன நாள்

போன ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை. சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும் சின்ன ஊர் எங்களுடையது. அன்று காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக் கழிப்பறை வழியாகச் சாக்கடைத் தண்ணீர் மேலே வர ஆரம்பித்தது.

மற்ற நாளாக இருந்தால் கதவைச் சாத்திவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் வீட்டுக்காரர் பைக்கில் விழுந்து, காலில் பிளேட் வைத்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. தையல் போட்ட இடம் ஆறவில்லை. அழுக்குத் தண்ணீர் பட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எண்பது கிலோ மனிதரை நான் ஒருத்தி எங்கே தூக்குவது? அவர் படுத்திருக்கும்போதே கட்டிலை ஒவ்வொரு பக்கமாக நெம்பிச் செங்கல் வைத்தேன். பக்கெட் பக்கெட்டாக அள்ளி வாசலில் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற வந்துகொண்டே இருந்தது. இடுப்பு விட்டுப் போச்சு.

கவுன்சிலர் அம்மாவுக்கு போன் போட்டேன். அறுபதைத் தாண்டியவர். மில் வேலைக்குப் போன காலத்திலேயே, பிரசவத்துக்கு ஆட்டோ பிடிப்பது, ரேஷன் கார்டுக்கு அலைவது என்று ஊர் வேலையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டவர். பதவி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

"ஏனுங்க, ஒரு ஆளைச் சாக்கடைக் குழிக்குள்ள இறக்கிவிட்டா பத்து நிமிஷ வேலைங்க. சீக்கிரம் அனுப்புங்க" என்றேன்.

"அது மட்டும் ஆகாதுங்க அம்மணி. மிஷின் வண்டிக்குச் சொல்லியிருக்கறேன். வாரேனுங்க" என்று வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் 'வாரேனுங்க' என்றால் இரண்டு அர்த்தம். நிஜமாகவே வருகிறேன் என்பது ஒன்று. பேச்சு முடிந்தது, ஆளை விடு என்பது இன்னொன்று. எட்டரை ஆகியும் அவரைக் காணோம் என்றதும், இரண்டாவதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். வயிறு எரிந்தது. தெரு வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"ஓட்டுக் கேக்க மட்டும் ஊடு ஊடா வரத் தெரிஞ்சுது. இப்ப வாரேன்னு சொல்லிப்போட்டு போனை வெச்சுட்டாங்க. எம்பட ஊட்டுக்காரரு காலு போனா, அந்தம்மா வந்து நடந்து குடுப்பாங்களா?"

மளமளவென்று நாலைந்து பேர் கட்டை விரல் போட்டார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போது அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

பதினொரு மணிவாக்கில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. நல்லவேளை, அவர் காலில் ஒரு சொட்டுப் படவில்லை. பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டு, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று தெருமுனைக்குப் போனேன்.

அங்கே குழிக்குப் பக்கத்தில், நனைந்த புடவையோடு கவுன்சிலர் அம்மா நின்றிருந்தார். அடைப்பு எடுத்த மிஷின் வண்டி குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தது. மளிகைக் கடைக்காரர்தான் விவரம் சொன்னார். என்னோடு பேசிய பத்தாவது நிமிடமே அந்த அம்மா வந்துவிட்டாராம். வண்டி வேறொரு இடத்தில் மாட்டிக்கொண்டதாம். சனங்கள் போட்ட சத்தத்தில், வேலைக்கு வந்தவர் ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கத் தயாராகிவிட்டாராம்.

"மூடியத் தொறக்க உடாம, அது மேலயே ஏறி நின்னுக்கிட்டாங்க. ரெண்டு மணி நேரமுங்க! உங்க மெசேஜை ஆரோ சத்தமா வேற போட்டுக் காட்டினாங்க. அப்பவும் நகரலைங்க."

குழிக்குள் இறங்கி விஷவாயுவில் செத்தவர்களைப் பற்றிப் பேப்பரில் எத்தனை தடவை படித்து உச்சுக்கொட்டியிருக்கிறேன்! என் வீட்டுக்காரர் காலுக்காக இன்னொருத்தி வீட்டுக்காரரின் உயிரையல்லவா கேட்டிருக்கிறேன்.

கவுன்சிலர் அம்மாவே என்னைப் பார்த்துவிட்டார். "தம்பி கால்ல தண்ணி பட்டுதுங்களா கண்ணு?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கூடவே வந்தார்.

காபி போட உள்ளே போனேன். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு திரும்பினால், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சுவரில் தலை சாய்த்துத் தூங்கிப் போயிருந்தார். பாதம் இரண்டும் வீங்கி, விரலிடுக்கெல்லாம் சேறு. சத்தம் போடாதே என்று வீட்டுக்காரர் எனக்குக் கை காட்டினார்.

அந்த நேரம் பார்த்து அந்த அம்மாவின் மடியிலிருந்த போன் அடித்தது. ஐயோ, எழுந்துவிடுவாரே என்று நானே எடுத்தேன்.

"அம்மா அசதில தூங்கறாங்க. அரை மணி நேரங்கழிச்சுக் கூப்புடுங்க."

"தூங்கறதுக்குத்தான் ஓட்டுப் போட்டமா?" என்று ஒரு பெண் குரல் சீறிவிட்டு வைத்துவிட்டது.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. எந்த வீட்டில் என்ன கஷ்டமோ. காலையில் நான் மட்டும் வேறு எப்படிப் பேசினேன்?

விழித்ததும் மன்னிப்புக் கேட்டேன். "போச்சாதுங்க, உடுங்க" என்றவர், ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, போன் செய்த பெண்ணைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டே படி இறங்கினார்.

வீட்டுக்காரர் இப்போது நன்றாக நடக்கிறார். அவர் நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், குழிக்குள் இறங்க இருந்த, எனக்கு முகம்கூடத் தெரியாத அந்தத் தொழிலாளியும் இந்நேரம் அவர் வீட்டில் நடமாடிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அன்று நான் கேட்டதை அந்த அம்மா கொடுக்காததால்தான், இன்று இரண்டு வீட்டிலும் ஆள் இருக்கிறது.