முன்னறையின் மரத்தரை

நம்பினால் நம்புங்கள், இது நடந்தது. கால்வெஸ்டன் தீவின் கிழக்குக் கோடியில், பழைய வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில், நான் ஐனெஸ் குடும்பத்துக்குப் பக்கத்து வீடு. குழந்தையை இடுக்கிக்கொண்டு, காலில் செருப்புகூட இல்லாமல் அவள் ஓடிவந்தது என் வாசலுக்குத்தான்.

ஐனெஸும் அவள் கணவன் வெண்டெலும் வாங்கியபோது அந்த விக்டோரியா காலத்து மரவீடு பாதி இடிந்து கிடந்தது. வருஷக்கணக்கில் பாடுபட்டுச் சீர்செய்தார்கள். முன்னறைத் தரையைத் தேய்த்தபோது பழைய கோடரி வெட்டுகள் தெரிந்தன. எங்கள் தெருவில் அது அதிசயமில்லை. 1900-ஆம் வருஷத்துப் பெரும்புயலில் வீடு மிதந்து போய்விடாமலிருக்கத் தரையைப் பிளந்து வெள்ளத்தை உள்ளே விட்டவர்கள் உண்டு. வெண்டெல் அந்த வெட்டுகளை மறைக்காமல் மெருகு போட்டான். வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டுவான்.

அன்று நல்ல வெயில். ஐனெஸ் சமையலறையில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பத்து மாதக் குழந்தை டெல்ஃபீன் முன்னறையில் தவழ்ந்துகொண்டிருந்தது.

டக்... டக்...

வெண்டெல் ஏதோ தட்டுகிறான் என்று நினைத்தாள். அவன் வெளியே போனது பிறகுதான் உறைத்தது. போன் செய்தாள்.

"எங்க இருக்க?"

"மரக்கடையில. ஏன்?"

"வீட்ல யாரையாவது வேலைக்கு விட்டிருக்கியா?"

"இல்லையே. யாரு இருக்கா அங்க?"

அவள் போனைக் காதில் வைத்தபடியே முன்னறைப் பக்கம் நடந்தாள். தட்டும் சத்தம் நின்றிருந்தது. குழந்தையின் சத்தமும்...

எட்டிப் பார்த்தாள். டெல்ஃபீன் குப்புறப் படுத்து, காதைத் தரையில் வைத்திருந்தது. யாரோ பேசுவதைக் கேட்பதுபோல. பிறகு சிரித்தது. உள்ளங்கையால் தரையைத் தட்டியது.

கீழிருந்து பதிலுக்குத் தட்டினார்கள்.

ஐனெஸ் ஓடினாள். கால் வழுக்கியது. தரையெல்லாம் ஈரம். கடல்நீர் வாடை.

"ஐனெஸ்? லைன்ல இருக்கியா?"

படார்.

பலகை பிளந்தது. குழந்தையின் விரலுக்குப் பக்கத்தில்.

துருப்பிடித்த கோடரி நுனி.

அது மறுபடி கீழே போய் மறைந்தது...

குழந்தையை அள்ளினாள்.

மறுநாள் வெண்டெல் அந்தப் பலகைகளைப் பெயர்த்தான். நானும் கூட இருந்தேன். வெட்டு புதியது. கீழிருந்து மேலாக விழுந்தது. அடியில் மணல். புயலுக்குப் பிறகு எங்கள் ஊரையே மேடாக்கியபோது வீடுகளுக்கு அடியில் நிரப்பியது. பலகையை ஒட்டியே நின்றது. பொட்டு ஈரம் இல்லை. கடப்பாறையால் குத்திப் பார்த்தோம். இறங்கவில்லை.

கோடரி வீசுவது இருக்கட்டும். ஒரு கை நுழையக்கூட அங்கே இடம் இல்லை.