அக்காவுக்கு விழுந்த ஒரு ஓட்டு

கர்த்தருக்குள் நித்திரையடைந்த எங்கள் அக்கா முசிறியில் பிறந்தார். அப்பாவுக்கு வாழைக்கொல்லையில் கூலி வேலை. ஒரு பிள்ளையைத்தான் படிக்க வைக்க முடிந்தது, அது அக்கா. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். இதையும் நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள்.

அக்கா திருச்சியில் சரித்திர டீச்சராக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பின் திருவானைக்காவலில் என்னோடு இருந்து, ஞாயிறு பள்ளி நடத்தினார். வேதபாடத்தோடு சரித்திரமும் சொல்வார்.

ஒரு ஞாயிறு ஏதென்ஸ் பட்டணத்தைப் பற்றிய பாடம். "அங்க ராஜா கிடையாது. ஜனங்களே கூடி ஓட்டுப் போடுவாங்க. ஆனா பொம்பளைங்களுக்கும் அடிமைங்களுக்கும் ஓட்டு இல்ல. ஆண்டவர் அப்படி யாரையும் ஒதுக்குறதில்ல" என்றார். ஊரைவிட்டு அனுப்ப வேண்டியவர் பெயரை அந்த ஜனங்கள் பானைச் சில்லில் எழுதுவார்களாம். அக்காவும் சில்லுகளைக் கொடுத்து, "நம்ம வகுப்புல யாரை அனுப்பலாம்? எழுதுங்க" என்றார். ஒருவரும் எழுத மாட்டார்கள், அதையே பாடமாக்கலாம் என்று நினைத்திருக்கிறார். பிள்ளைகளை அவ்வளவு நம்புவார்.

சுண்டல் கொடுக்கப் போன எனக்கும் ஒரு சில்லு வந்தது.

"எனக்கு எங்க எழுத வருது? நீயே எழுதுக்கா."

"யார் பேரு?"

"உன் பேருதான். வீட்டுல உன் அதிகாரம் தாங்கல."

பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா தன் பெயரைத் தானே எழுதிப் போட்டார்.

எடுத்துப் பார்த்தால், என் சில்லையும் ஒரு வெறும் சில்லையும் தவிர மற்ற எல்லாவற்றிலும் ரூபி. ஆலயம் கூட்டுகிற அம்மாவின் மகள். வெறும் சில்லு அவளுடையது. அந்தப் பிள்ளை எழுந்து வெளியே போனது.

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. "தப்பு என்னுதுதான்" என்றார். பிறகு என் சில்லைத் தூக்கிக் காட்டினார். "எனக்கும் ஒரு ஓட்டு விழுந்திருக்கு. நானும் போகணும். தள்ளப்பட்டவங்க பக்கம்தான் ஆண்டவர் போவாரு."

வெளியே வேப்பமரத்தடியில் ரூபியின் பக்கத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினார். உள்ளே இருந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு வந்தார்கள்.

"நாங்களும் வரலாமா டீச்சர்?"

"ரூபியைக் கேளுங்க."

ரூபி யோசித்துவிட்டு, "சுண்டலை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றாள்.

அக்கா படுக்கையில் இருந்த நாட்களில் ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து தலைவாரிவிட்ட ரூபிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்தச் சில்லு அக்காவின் வேதாகமத்தின் பக்கத்தில் இருக்கிறது. எழுத்து அவருடையது. ஓட்டு நான் போட்டது.