மாமி எழுதிவைத்த வீடு

மாமி இறந்து எட்டுச்செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் வெள்ளவத்தையில் அவருடைய ஃப்ளாட்டுக்குப் போனேன். வாசலில் இரண்டு சூட்கேஸ்கள் நின்றன. மாமியோடு ஒரே பள்ளியில் படிப்பித்து, ஓய்வுபெற்ற பிறகும் அவரோடு அதே வீட்டில் இருந்த அன்ரி, கொட்டாஞ்சேனையில் தன் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

மாமி அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்யாதவர். அப்பாவும் இல்லாததால், அவர் ஒன்றும் எழுதாமல் போயிருந்தால் வீடு எனக்கும் அண்ணாவுக்கும் வந்திருக்கும். ஆனால் தனக்குப் பிறகு அது அன்ரிக்கென்று மரணசாதனம் எழுதி, நிறைவேற்றும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார். கனடாவிலிருந்து அண்ணா அன்ரிக்கே போன் எடுத்து, குடும்பச் சொத்து வெளியாளுக்கா என்று கேட்டிருக்கிறார்.

"எனக்கு வீடு வேண்டாம், பிள்ளை. என்னால நீங்கள் ரெண்டு பேரும் பிரியக்கூடாது," என்றார் அன்ரி.

"வேண்டாமெண்டா மரணசாதன வழக்கு முடிஞ்ச பிறகு சொல்லுங்கோ. அதுவரைக்கும் இங்கதான் இருக்கோணும். அண்ணா எடுத்தா என்னோட கதைக்கச் சொல்லுங்கோ."

சூட்கேஸ்களை நானே அறைக்குள் இழுத்துப் போனேன். ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, மரணசாதனத்தை உறுதிப்படுத்தப் புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கும் போட்டேன். மாமி என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். அதனால் தடுமாற்றம் இருக்கவில்லை.

ஆட்சேபிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு அண்ணா வந்து இறங்கினார். ஃப்ளாட்டுக்கு வந்து, அன்ரி தேத்தண்ணி போட உள்ளே போனதும் மெல்லக் கேட்டார்: "மாமி படுக்கையில விழுந்தபிறகுதானே கையெழுத்து வாங்கினவை?"

"இல்லை அண்ணா. அவ நல்லா நடந்து திரிஞ்ச காலத்தில மரணசாதனம் எழுத நொத்தாரிசிட்டப் போனவ. கூட்டிக்கொண்டு போனது நான். அன்ரிக்கு அது தெரியாது."

அன்ரி கொண்டுவந்த தேத்தண்ணியை அண்ணா வாங்கிக்கொண்டார். பிறகு மாமியின் கடைசி மாதங்களைப் பற்றி அன்ரியிடம் விசாரித்தார். பக்கவாதம் வந்தபின் மாமியைக் குளிப்பாட்டியதையும் கஞ்சி பருக்கியதையும் அன்ரி மறைக்காமல் சொன்னார். எனக்கும் அண்ணாவுக்கும் சொல்லவேண்டாம் என்று மாமி சத்தியம் வாங்கியதையும் சொன்னார். அண்ணா அழுதார். ஆட்சேபம் போடவில்லை.

வழக்கு முடிந்து, வீட்டு உறுதி தன் பெயரில் பதிவான அன்று அன்ரி புட்டும் மீன்குழம்பும் சமைத்து என்னைக் கூப்பிட்டார். வீடு வேண்டாமென்றால் இப்போது சொல்லலாம் என்றேன். அன்ரி சிரித்தார். ஹோலுக்குப் பச்சை பெயின்ற் அடிக்கப்போகிறாராம்; மாமிக்குப் பச்சை பிடிக்காததால் இத்தனை காலம் பொறுத்திருந்தாராம்.