மரக்கட்டையில் இல்லாத தோல்

எர்ணாவூர் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, அதில் லுங்கி, ஒரு சட்டை, துண்டு. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரைலர்கள் சாலையோரம் கண்ணுக்கெட்டியவரை நின்றன. அவற்றில் ஏதோ ஒன்று கண்டெய்னர் பெட்டியை இறக்கிவிட்டு வடக்கே கிளம்பும். கிளீனராகத் தொற்றிக்கொண்டால் ஆந்திராவைத் தாண்டிவிடலாம். பாதியில் பள்ளியை விட்டதிலிருந்து நான் எந்த ஊரிலும், எந்த வேலையிலும் நிலைத்தவனில்லை. திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வாடகைக்கு இருந்த வீட்டையும் அப்படிப் பலமுறை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குக் கிளம்பியது ஊர் சுற்றும் ஆசையில் இல்லை. மனைவியின் பக்கத்தில் படுக்கப் பயந்து கிளம்பினேன்.

எங்களுக்குக் குழந்தை பிறந்தது வயிற்றைக் கிழித்து. தையல் நன்றாக ஆறும்வரை அடுத்தது கூடாது, உயிருக்கு ஆபத்து என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். காப்பர்-டி வைத்தாள், ரத்தம் நிற்கவில்லை, எடுத்துவிட்டார்கள். இனி ஆணுறைதான் என்று ஆயிற்று.

அதுவரை எனக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. என் முன்தோல் சின்ன வயதிலிருந்தே இறுக்கம், பின்னால் வராது. சிலருக்கு மூக்கு கோணலாக இருப்பதுபோல என்று விட்டுவிட்டேன். ஆணுறை மாட்டுவதை லாரி வரிசையில் கற்றவன் நான். டிரைவர்களுக்கு மருத்துவ முகாம் போடுகிறவர்கள் ஒரு மரக்கட்டையில் மாட்டிக் காட்டுவார்கள். மரக்கட்டைக்குத் தோல் ஏது? மொழுமொழுவென்று இருக்கும். அப்படி ஆக்கிக்கொண்டுதான் மாட்ட வேண்டும் என்று நானாகப் புரிந்துகொண்டேன்.

முதல் தடவை பல்லைக் கடித்துத் தோலைப் பின்னால் தள்ளினேன். அது மொட்டுக்குக் கீழே மோதிரம்போல இறுகி நின்றுவிட்டது. முன்னால் வரவில்லை, வீங்க ஆரம்பித்தது. குளியலறையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, விரலால் அமுக்கி அமுக்கி ஒருவழியாக மீட்டேன். அடுத்த தடவை வழுக்கட்டும் என்று தேங்காயெண்ணெய் தடவினேன். தோல் வெடித்தது, ஆணுறையும் கிழிந்தது. அந்த மாதம் அவளுக்குத் தூரம் வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அதன்பிறகு வெளியூர் லோடாகப் பார்த்து ஏறினேன். அன்று மதியம் நான் பையை எடுத்ததும் அவள் கதவருகே வந்து நின்றாள்.

"யோவ், வேற எங்கனா செட்டப் வச்சிக்கினுகீறியா?"

"போமே."

"இந்தத் தபா போனா அப்டியே போய்டு. நானும் கொயந்தைய தூக்கிக்கினு வியாசர்பாடிக்கு, எங்கம்மா வூட்டுக்குப் போறேன். நீ வந்தா பூட்டுதான் இருக்கும்."

சொன்னால் செய்கிறவள். அது தெரிந்தும் நடந்துகொண்டிருந்தேன்.

டிரைலர்களுக்கு நடுவே ஒரு ஷாமியானா போட்டு முகாம் நடந்தது. எனக்குப் பழக்கமான டிரைவர் ஒருவர் சர்க்கரைப் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மாமு, பையோட கெளம்பிட்ட? குந்து. டீ தர்றாங்க. என் வண்டி நாளைக்குத்தான் உள்ள போவும்."

டீக்காக உட்கார்ந்தேன். முகாம் ஆள் அதே மரக்கட்டையை எடுத்து மேசையில் வைத்தார். டிரைவர் அதை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"இன்னா சார், இத்த திருப்பதிக்கு இட்டுக்கினு போயி மொட்ட போட்டுக்கினு வந்தீங்களா? எங்களுதுக்கு மேல தொப்பி கீதே."

எல்லோரும் சிரித்தார்கள். முகாம் ஆளும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தொப்பி சுளுவா பின்னால போச்சுன்னா தள்ளிக்கோங்க. போகலையா, விட்டுருங்க. தோல் இருக்கிற எடத்திலேயே இருக்கட்டும், அதுக்கு மேலயே மாட்டலாம். பலவந்தம் மட்டும் வேணாம்."

டீ என் கையில் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து, திரை கட்டிய பக்கம் போனேன். உள்ளே மருத்துவர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். காகிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கை கழுவினார். லுங்கியை அவிழ்ப்பதுதான் கடினமாக இருந்தது. அதன்பிறகு பேச்சு தானாக வந்தது.

இது எப்போதிலிருந்து என்று கேட்டார். பெரியவனான பிறகு புதிதாக இறுகினால் சர்க்கரைகூடக் காரணமாக இருக்கலாமாம். எனக்கு எப்போதுமே இப்படித்தான் என்றேன். சிறுநீர் போகும்போது தோல் ஊதுகிறதா, எரிகிறதா என்று கேட்டார். இல்லை.

"அப்ப பயப்பட ஒண்ணுமில்லப்பா. ஆணுறை மாட்டறதுக்கு முன்னாடி, உள்ள நுனியில ஒரு சொட்டு ஜெல் விடு. தண்ணியில செஞ்ச ஜெல். எண்ணெய், வாசலின் எதுவும் வேணாம், ரப்பர் நைஞ்சு போயிடும். தோலைத் தொடாத. நுனியைக் கிள்ளிப் பிடிச்சுக்கிட்டு அடிவரைக்கும் உருட்டி விடு. பிடிச்சுக் கவ்வுற மாதிரி இருந்தா அடுத்த அளவு பெரிசா வாங்கு."

"கயண்டுகாதா சார்?"

"முடிஞ்சதும் தளர்றதுக்குள்ள அடியைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வா. கழலாது."

ஒரு களிம்பும் எழுதினார். வெடிப்பு ஆறியதும் இறுக்கமான விளிம்பில் கொஞ்சமாகத் தடவி, குளிக்கும்போது வலிக்காத அளவுக்கு மட்டும் மெதுவாகப் பின்னால் இழுத்து, உடனே முன்னால் விட்டுவிட வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். பலருக்கு அதிலேயே தளர்ந்துவிடும், தளராவிட்டால் மற்ற வழிகளை அப்போது பார்க்கலாம் என்றார். கடைசியாக, முன்பு நடந்ததுபோல் தோல் பின்னால் மாட்டிக்கொண்டு திரும்பாவிட்டால், நேரம் கடத்தாமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும் என்றார். அன்றைக்கு நான் தப்பியது அதிர்ஷ்டம்.

வெளியே வந்து திருவொற்றியூர் பக்கம் திரும்பி நடந்தேன். நடை பாதி, ஷேர் ஆட்டோ பாதி. வீட்டில் பூட்டு இல்லை. அவள் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு மூட்டைமேலேயே உட்கார்ந்தாள்.

"இத்த சொல்றதுக்கு இன்னாய்யா ஒனக்கு?"

"அசிங்கமா இருந்துச்சிமே."

"என் தையல்ல சீழ் புடிச்சப்ப நீதான தொட்ச்சி மருந்து போட்ட? நா அசிங்கம்னு மூடிக்கினா இருந்தேன்?"

கொஞ்ச நேரம் திட்டினாள். பிறகு மரக்கட்டைக்கு மொட்டை போட்ட கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லி, தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வெடிப்பு ஆறும்வரை பொறுத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குழந்தை தூங்கியது. மருத்துவர் சொன்ன வரிசையிலேயே செய்தேன். முன்தோல் தன் இடத்தில், உள்ளே ஒரு சொட்டு ஜெல். உறை தோலுக்கு மேலேயே அடிவரை இறங்கியது. இழுப்பு வரும் என்று உடம்பு விறைத்துக் காத்திருந்தது, வரவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல."

"நெஜமா சொல்லு."

"நெஜமாத்தான்மே."

அப்புறம் கழற்றிய உறையில் தண்ணீர் பிடித்துப் பார்த்தோம். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. அவள் போய்ப் பழைய சோற்றையும் கருவாட்டையும் எடுத்துவந்தாள். இருவருக்கும் நல்ல பசி.

மறுநாள் காலை அந்த டிரைவர் போன் செய்தார். நெல்லூருக்கு லோடு, வருகிறாயா என்றார். சாயந்திரம் வீட்டுக்கு வருகிற வேலையாகப் பார்க்கிறேன் என்றேன். "இன்னா மாமு, புதுசா குடும்பஸ்தன் ஆய்ட்ட?" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

எர்ணாவூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் காலிப் பெட்டிகளைக் கழுவ ஆள் கேட்டிருந்தார்கள். காலையில் போனால் பொழுது சாய்வதற்குள் விட்டுவிடுவார்கள். மேஸ்திரி ரப்பர் பூட்ஸைக் கொடுத்து ஒரு பெட்டியைக் காட்டினார். கதவைத் திறந்ததும் அழுகிய வெங்காய நாற்றம் முகத்தில் அடித்தது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பைப்பை இழுத்தேன்.