பேசாத வரிசை

எங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும்போது வாயை மூடிக்கொண்டு வேலை செய்பவர்களை யாருக்கும் பிடிக்காது. கரடியூர்ப் பக்கத்துக் காட்டிலிருந்து காட்டெருமைகள் இறங்கி வரும். மனிதப் பேச்சு கேட்டால் தானாக ஒதுங்கிப் போய்விடும். சத்தமில்லாத இடத்தில்தான் நேருக்கு நேர் மாட்டிக்கொள்வோம். அதனால் பறிப்புக் காலத்தில் ஊர்க்கதை ஓயாது. மாமியார் வம்பு, ரேஷன் அரிசி, ஒண்டிக்கடையில் யார் யாரோடு பஜ்ஜி தின்றார்கள் என்பதெல்லாம் இங்கே உயிர் காக்கும் பேச்சு.

அத்தாயி இதில் மகாராணி. கணவர் இறந்தபின் ஒற்றை ஆளாகப் பழம் பறித்து மகள் புவனாவை நர்ஸ் படிக்க வைத்தவள். அவள் வாய் அவளுக்கு முன்பே வேலைக்கு வந்து சேரும். அந்த வாயால்தான் வினையும் வந்தது.

போன வருஷம் அவளுடைய கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனார் ராசாத்தியின் நாய்தான் தின்றது என்று தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கக் கேட்கும்படி ஏசினாள். ராசாத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. நாயைச் சரக்கு வண்டியில் ஏற்றிக் குப்பனூரில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு அழுதுகொண்டே திரும்பினாள். அதன் பிறகும் கோழிகள் போயின. கடைசியில், கூரைமேல் ஒரு மரநாய் கோழியைக் கவ்விக்கொண்டு ஓடுவதை அத்தாயியே பார்த்தாள். ஊரையே பேசுகிறவளுக்கு ஒரு மன்னிப்பு மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

தை மாதம் புவனாவுக்குக் கல்யாணம். அத்தை வராமல் மணவறை ஏற மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அத்தை வீட்டு வாசலுக்கோ அத்தாயியின் கால் போகவில்லை.

ஒரே குடும்பத்தாருக்குப் பறிக்க அடுத்தடுத்த செடிவரிசை கொடுப்பது, எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரின் வழக்கம். காட்டை ஒட்டிய கடைசி இரண்டு வரிசைகளை அத்தாயிக்கும் ராசாத்திக்கும் கொடுத்தார். எஸ்டேட்டிலேயே பேச்சில்லாத இடம் அதுதான். அன்று தூறலும் பனிமூட்டமும். எல்லோரும் கறுப்புப் பிளாஸ்டிக் தாளைத் தலையோடு போர்த்தியிருந்தார்கள்.

அடுத்த வரிசையில், செடிகளுக்கு நடுவே, ஒரு கறுத்த முதுகு தெரிந்தது. இலைகள் சலசலத்தன. முகம் தெரியாததும் நல்லதுதான் என்று அத்தாயி நினைத்தாள். பழத்தைப் பறித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"ராசாத்தி, தப்பு என்னோடதுதான் சாமி. உன்ர நாய் ஒரு கோழியக்கூடத் தொடல. மரநாயி தூக்கிட்டுப் போனத நானே பாத்தேன். புவனா கல்யாணத்துக்கு நீ வரோணும்."

'புஸ்' என்று ஒரு மூச்சு வந்தது. ராசாத்தி கோபத்தில் அப்படித்தான் மூச்சு விடுவாள். கோபம் நியாயம்தான் என்று அத்தாயி குனிந்து கிளையை விலக்கினாள். முழங்கால்வரை வெள்ளை வெளேரென்ற கால்கள் தெரிந்தன. நான்கு கால்கள்.

அவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சு நின்றது.

பின்னாலிருந்து ராசாத்தியின் குரல் கேட்டது. நிரம்பிய சாக்கைக் கட்டப் போயிருந்தவள், சொன்னதையெல்லாம் கேட்டிருந்தாள். கத்தினால் காட்டெருமை மிரண்டு பாயும். அதனால் பழம் பறிக்கும்போது பேசும் அதே குரலில் ஆரம்பித்தாள். வண்டியில் ஏற்றியபோது நாய் தன்னைப் பார்த்த பார்வை, தனியாகச் சாப்பிட்ட தீபாவளி, கல்யாணப் புடவை எடுக்கத் தன்னைக் கூப்பிடாதது என்று ஒரு வருஷத்து மனக்குறையையெல்லாம் கொட்டினாள். கொட்டிக்கொண்டே வந்து அத்தாயியின் கையைப் பிடித்து சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் இழுத்தாள். காட்டெருமை காதை ஆட்டியது, திரும்பியது, காட்டுக்குள் நடந்து போய்விட்டது.

அத்தாயி கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"மாடு போயிருச்சு, கண்ணு."

"போவட்டுங்க அண்ணி," என்றாள் ராசாத்தி, பிடித்த கையை விடாமல். "நான் இன்னும் பேசி முடிக்கல. புவனாவுக்கு மாலை எடுத்துக் குடுக்கறது யாருன்னு நெனச்சீங்க?"