மூத்தாரின் மண்ணும் என் பசலையும்

எனக்கு எண்பத்தெட்டு வயது முடிந்துவிட்டது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தாவது என் வீட்டுக்காரரின் தங்கை. நான் கல்யாணமாகி வந்தபோது தாயில்லாத கைப்பிள்ளை. இடுப்பில் ஏறிக்கொண்டவள், நான் இறக்கிவிடவே இல்லை. எங்கள் வீட்டு ஜன்னலில் வாய் நெளிந்த ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. அதில் ஒரு பசலைக்கொடி தண்ணீரில் வேர்விட்டு நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும், இது என்ன புதுசாக, மண் இல்லாமல் கூடச் செடி வளருமா என்று கேட்கிறார்கள். புதுசு இல்லை. நயா பைசா வந்த வருஷத்திலிருந்து இந்தச் செம்பில் பசலை நிற்கிறது. அது ஏன் தண்ணீரில் நிற்கிறது என்று சொல்ல வேண்டுமானால் என் மூத்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூத்தார் என்றால் என் வீட்டுக்காரருக்கு அண்ணன். அழைத்தால் மாமா. ஆனால் நான் அழைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தார் எதிரில் நிற்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் வாசலில் நுழைந்தால் நான் கொல்லையில் இறங்க வேண்டும். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அல்லது பிள்ளைகளிடம் சொல்லி அனுப்ப வேண்டும். திண்டிவனத்துக்குக் கிழக்கே எங்களுக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போட்ட நிலம் இருந்தது. அதில் குளத்தோரக் காணி மட்டும் கறுப்பு மண். அந்த மண்ணின் மேல் அவருக்கு இருந்த பிரியம் பெற்ற பிள்ளைகள் மேல்கூட இருந்ததில்லை. மண்ணை இரண்டு விரலால் எடுத்து, நசுக்கி, மோந்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். எந்த ஊர், எந்தக் காணி, மேட்டு மண்ணா பள்ளத்து மண்ணா என்று சொல்லிவிடுவார். நிலம் வாங்குகிறவர்கள் மஞ்சள் பையில் மண் கொண்டுவந்து அவர் நாக்குக்காகக் காத்திருப்பார்கள். தப்பிப் போனதாக நான் கேட்டதில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கதை நியாயமாகாது.

என் வீட்டுக்காரருக்கு விழுப்புரம் எஞ்சின் ஷெட்டில் கரி தள்ளுகிற வேலை கிடைத்தது. நிலத்தை விட்டுவிட்டுத் தம்பி ரயிலுக்குப் போவதா என்று மூத்தாருக்கு ஆத்திரம். நாங்கள் பங்கு கேட்கவில்லை, சண்டை போடவில்லை. வண்டியில் பாத்திரம் ஏற்றினோம். நான் கடைசியாக என் பசலைச் சட்டியைத் தூக்கி வைத்தேன். நானே கிள்ளி நட்ட கொடி, சிவப்புத் தண்டுப் பசலை. அவர் வண்டிச் சக்கரத்தருகே வந்து நின்று, என்னைப் பார்க்காமல் தம்பியிடம் சொன்னார்.

“சட்டி அவளுது, கொடி அவளுது. மண்ணு என்னுது. கொட்டிட்டுப் போவச் சொல்லு. மண்ணை வுட்டுட்டுப் போறவங்களுக்கு ஒரு பிடி மண்ணு கெடையாது.”

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை. இறங்கிச் சட்டியை அவர் வாசலிலேயே கவிழ்த்தேன். மாட்டுத் தொட்டிக்குப் போய் வேரை அலசினேன். ஒரு பொட்டு மண் ஒட்டியிருக்கக் கூடாது என்று விரலால் உருவி உருவி அலசினேன். செம்பில் தண்ணீர் மொண்டு அதில் கொடியை வைத்துக்கொண்டு வண்டி ஏறினேன். அப்போது பத்து வயதுப் பெண்ணான என் நாத்தனார் ஓடிவந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். யாரோ, தங்கச்சியும் போகிறாளே என்றார்கள். “போனா போவட்டும், மண்ணு இங்கதான இருக்குது” என்றார் மூத்தார். அந்தச் சொல்லை அந்தப் பெண் கேட்டாள். நான் அவள் காதைப் பொத்தியிருக்கலாம். பொத்தவில்லை. தெரியட்டும் என்று விட்டேன்.

விழுப்புரத்தில் எங்களுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில் முற்றம் முழுக்கச் சிமெண்டு. வெளியே காலடி வைத்தால் கரித்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும். செம்பில் இருந்த கொடி வெள்ளை வெள்ளையாக வேர் விட்டது, இரண்டு இலை வைத்தது, பிறகு மஞ்சளாகிப்போனது. ஊரிலிருந்து மண் எடுத்து வரட்டுமா என்றார் என் வீட்டுக்காரர், கடைத்தெருவில் ஒரு கூடை வாங்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். எந்த மண்ணும் என் வாசலில் ஏறக் கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்திய, எஞ்சின் டிரைவர் ஒருவர் குடும்பம். அந்த டிரைவரம்மா மதில்மேல் கையூன்றி என் மஞ்சள் கொடியை ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் கேட்டே விட்டார், ஏன் செடியைப் பட்டினி போடுகிறாய் என்று. யுத்தத்துக்குப் போன அவர் தம்பி, மண்ணே இல்லாத ஒரு தீவில் பட்டாளத்துக்காரர்கள் கூழாங்கல்லில் உப்புத் தண்ணீர் விட்டுத் தக்காளி காய்க்கவைத்ததைப் பார்த்தவராம். “மண்ணு வெறும் தட்டுதாம்மா. செடி தட்டைத் தின்னுமா? அதுல இருக்கிற சோத்தைத்தான் தின்னும். நீ சோத்தைத் தண்ணியில கலந்து குடு” என்றார். என்ன உப்பு, எவ்வளவு என்று கேட்டால் அது அவருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது.

தட்டுக்கு எஞ்சின் ஷெட்டில் பஞ்சமா? எரிந்து முடிந்த கரிக்கட்டியை வெளியே கொட்டிக் குவித்திருப்பார்கள். நுரை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும், ஈரம் பிடிக்கும், லேசாகவும் இருக்கும். அதை உடைத்து, சலித்து, கொண்டைக்கடலை அளவு மட்டும் எடுத்து, தண்ணீர் தெளிந்து வரும்வரை கழுவுவேன். கழுவாமல் போட்டால் வேர் வெந்துவிடும். டால்டா டப்பாவின் அடியில் ஒரு ஓட்டை. பழைய வேட்டிக் கரையைத் திரியாக முறுக்கி ஓட்டை வழியாக இறக்கி, மேல் பாதி கரியில் புதைந்திருக்க, கீழ்ப் பாதி வேறொரு டப்பாத் தண்ணீரில் தொங்கவேண்டும். விளக்குத்திரி எண்ணெய் இழுக்கிற மாதிரி அது தண்ணீரை இழுத்துச் செடிக்குக் கொடுக்கும். கீழ் டப்பாவில் வெளிச்சம் படக் கூடாது, பட்டால் பாசி பிடிக்கும். நிறைய ஊற்றவும் கூடாது, வேர் பாதி குடிக்க வேண்டும், பாதி மூச்சு விட வேண்டும். சோறு என்ன என்றால், உரக்கடையில் விற்கிற அமோனியா உப்பில் ஒரு சிட்டிகை, எலும்புத்தூள் ஊறிய தெளிவு, வடிகட்டிய அடுப்புச் சாம்பல் தண்ணீர், மருந்துக்கடைப் பேதி உப்பில் கொஞ்சம். எல்லாம் குடம் தண்ணீரில் கலந்தது. இலை ஓரம் கருகினால் உப்பு அதிகம், இலை வெளுத்தால் குறைவு. வாரம் ஒரு தரம் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. இதைக் கற்க எனக்கு இரண்டு மூன்று வருஷம் பிடித்தது.

அதில் பாதியைக் கெடுத்தது கழுநீர். அரிசி கழுவின தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற எங்களுக்குக் கை வராது. அது மாட்டுக்குப் போகும், இல்லாவிட்டால் செடிக்குப் போகும். இங்கே மாடு இல்லை. கை பழக்கத்தில் டப்பாவில் ஊற்றினேன். மூன்றாம் நாள் நாற்றம், வேர் கொழகொழ என்று அழுகிப்போனது. மண்ணாக இருந்தால் அதைச் செரித்துவிடும், கரி செரிக்காது. இரண்டு வரிசை டப்பாவை வாரிக் கொட்டிய பிறகுதான் புரிந்தது. பிறகு பசலை, அரைக்கீரை, தக்காளி எல்லாம் வந்தது. என் நாத்தனார் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் டப்பா டப்பாவாகத் தூக்கித் தண்ணீர் பார்ப்பாள். “அண்ணி, இது குடிச்சிடுச்சு, இது வச்சிருக்குது” என்று சொல்லிக்கொண்டே போவாள்.

அவளுக்குப் பதினெட்டு வயது. மதராஸிலிருந்து எலக்ட்ரிக் ரயிலுக்குக் கம்பி இழுத்துக்கொண்டு வந்த காலம். ஷெட்டில் ஃபிட்டராக இருந்த பையனை அவளுக்குப் பேசினோம். மூத்தார் வேறொருவரை நினைத்து வைத்திருந்தார். அவர் காணிக்கு அடுத்த காணிக்காரர், பெண்டாட்டி இறந்தவர், தலை நரைத்தவர். அவள் முடியாது என்றாள். மூத்தார் கத்தவில்லை. உறவெல்லாம் கூடியிருக்கும்போது அமைதியாக ஒன்று சொன்னார். எங்கள் குடும்ப வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து சட்டியில் நவதானியம் தெளித்துப் பாலிகை முளைக்கவைக்க வேண்டும். அதற்கு மண் பெண் பிறந்த காணியிலிருந்து மூத்தவன் கையால் எடுக்க வேண்டும். வேறு மண் எடுத்தால் வேறு குலத்துப் பெண் ஆகிவிடுவாள். “என் மண்ணை நான் தரமாட்டேன். மண்ணு இல்லாம பாலிகை இல்ல, பாலிகை இல்லாம தாலி இல்ல. கள்ளத்தனமா எடுத்தா சட்டியை நானே ஒடைப்பேன்” என்றார். மாப்பிள்ளையின் அம்மா மறுநாளே சொல்லி அனுப்பினார், பாலிகை முளைக்காத பெண்ணை எப்படி வீட்டுக்குள் சேர்ப்பது என்று. என் நாத்தனார் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அவர் மண்ணையும் எடுக்கக் கூடாது, வேறு மண்ணையும் எடுக்கக் கூடாது. எழுந்திரு, மண்ணே எடுக்கப்போவதில்லை என்றேன் அவளிடம். குயவர் வீட்டில் அடியில் ஓட்டை வைத்த ஐந்து சட்டி வாங்கினோம். கரியைக் கழுவிக் கழுவி அவள் கையெல்லாம் கறுத்துப்போனது. கல்யாணப் பெண் கை என்று பார்க்கிறவர்கள் சொல்லமாட்டார்கள். தெளிக்கிற நாளில் ஐந்து சுமங்கலிகள் வந்தார்கள். வழக்கப்படி பால் கலந்த தண்ணீர் தெளிக்க வேண்டும். எனக்குக் கழுநீர் ஞாபகம் வந்தது. பால் விட்டால் கரியில் அழுகும், வேண்டாம் என்றால் வழக்கத்தைக் கெடுத்தவள் ஆவேன். தெளிக்கட்டும் என்று விட்டேன். அவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனதும், நானும் அவளுமாக விதை இடம் மாறாமல் குடம் குடமாக நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றி, பாலெல்லாம் அடியால் வடியும்வரை அலசினோம். சாமி தனக்கு வேண்டியதைக் குடித்திருப்பார். மிச்சம் என் செடிக்கு ஆகாது. முளை கிளம்பியது. பயறும் நெல்லும் கேப்பையும் நெருக்கி அடித்துக்கொண்டு நிமிர்ந்தன.

கல்யாணம் மயிலத்தில், மலைக்கோயிலில். சட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனோம். மூத்தார் வரமாட்டார் என்று நினைத்தோம், வந்தார். வந்ததும் பாலிகையைப் பார்த்தார். ஈரக் கரி தூரத்திலிருந்து பார்த்தால் அவருடைய குளத்தோரக் காணி மண் மாதிரியே கறுப்பாக இருக்கும். அவர் முகம் சிவந்துவிட்டது. “குளத்தோரத்துல எங்கயோ தோண்டிக்கினு வந்துட்டாங்க. வேற எங்க இருக்குது இந்த நெறம்?” என்று மாப்பிள்ளை வீட்டார் எதிரில் சொன்னார். யார் என்ன சொன்னாலும் கேட்கவில்லை. “பேச்சு எதுக்கு? நாக்குல வச்சா தெரிஞ்சிடும். எம் மண்ணுன்னா இங்கயே ஒடைக்கிறேன்” என்று முளைகளுக்கு நடுவில் விரலை விட்டார். எடுத்தார், நசுக்கினார். நசுங்கவில்லை. மோந்தார். பிறகு நாக்கில் வைத்தார்.

அந்த நேரம் என் உயிர் அவர் நாக்கில் இருந்தது. ஆமாம், என் மண்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மறுத்துப் பேச அங்கே ஆள் கிடையாது. அந்த நாக்கு சொன்னது சொன்னதுதான். முகம் கோணியது. கரியும் உப்பும் சேர்ந்தால் எப்படி இருக்கும்! திரும்பித் தூ என்று துப்பினார். மறுபடி துப்பினார். அவரோடு வந்த கிழவர் ஒருவர், “இன்னாப்பா, மேட்டு மண்ணா பள்ளத்து மண்ணா?” என்று கேட்டுவிட்டார். யாரோ சிரித்தார்கள். மூத்தார் மேல்துண்டால் வாயைத் துடைத்தார். அப்புறம், “எம் மண்ணு இல்ல. இது மண்ணே இல்ல” என்றார். எத்தனையோ விஷயத்தில் மனசறிந்து பொய் சொன்னவர்தான், மண் விஷயத்தில் அவரால் முடியவில்லை.

நான் தூண் மறைவில் நின்றிருந்தேன். வெளியே வந்து அவர் எதிரில் நின்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். “உங்க மண்ணு உங்ககிட்டயே பத்திரமா இருக்குதுங்க மாமா. நாங்க எடுக்கல” என்றேன். எல்லாரும் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார்கள். அந்த அம்மா குனிந்து முளைகளைத் தடவிப் பார்த்தார். “மொளைச்சிருக்குது இல்ல? அப்புறம் இன்னா? ஜல்தி ஆவட்டும், நேரம் போவுது” என்றார். தாலி ஏறியது. பாலிகையைக் கோயில் குளத்தில் கரைத்தோம். முளை மிதந்தது, கரியும் கொஞ்ச நேரம் மிதந்தது.

மூத்தார் பேசாமல் இருந்த வருஷங்கள் போயின. நாங்கள் விழுப்புரத்திலேயே சின்னதாக வீடு கட்டினபோது அவரிடமிருந்து ஒரு ஆள் வந்தான், தலையில் ஒரு கூடை. அதில் குளத்தோரக் காணி மண். அவராகச் சலித்து அனுப்பியது. சீர்வரிசை மாதிரி மேலே ஒரு வெற்றிலைகூட வைத்திருந்தார். எடுத்துக்கொள்ளேன், பெரியவர் இறங்கி வந்திருக்கிறாரே என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று வண்டியருகில் ஒரு பிடி கொடுத்திருந்தால் தலையில் வைத்துக்கொண்டிருப்பேன். மண்ணைத் தொடாமல் திருப்பி அனுப்பினேன். கொண்டுவந்த கூடையை வெறுமனே அனுப்புவது முறையில்லை, அதனால் அந்த மண்மேலேயே இலை பரப்பி ஒரு கட்டு பசலை வைத்தேன். குழம்பு வைத்துச் சாப்பிட்டாராம். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லையாம். செத்துப்போன மனுஷரிடம் இன்னும் என்ன கோபம் என்று கேட்கிறார்கள். கோபம் இல்லை. ஆனால் விட்டும் கொடுக்கவில்லை.

இப்போது மூன்றாம் மாடியில் இருக்கிறோம். கைப்பிடி மண் கிடையாது, பால்கனி முழுக்கக் கீரை. என் நாத்தனார், அவளும் பாட்டிதான், வரும்போதெல்லாம் செம்பைத் தூக்கிப் பார்த்து “அண்ணி, இது குடிச்சிடுச்சு” என்கிறாள். அன்று தொட்டியில் அலசின அதே கொடியின் கிள்ளல், கிள்ளலின் கிள்ளல். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதினாள். எங்கே கண்ணு, முதலிலிருந்து ஒரு தடவை படிச்சுக் காட்டு. அவர் துப்புற இடம் வந்தா குரலை இறக்காம படி.